கொண்டைக்குள் அடங்காத முடி

காலை ஆறரை மணிக்கு நர்சிங் காலேஜ் ஹாஸ்டல் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். இளநீலச் சுடிதார், மேலே வெள்ளைக் கோட், கறுப்பு ஷூ, வெள்ளை சாக்ஸ். கொலுசு, வளையல், பூ எதுவும் கூடாது. காதில் பொட்டுத் தோடு மட்டும். நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. முடியை முழுக்கச் சுருட்டிக் கொண்டை போட்டுக் கறுப்பு வலைக்குள் அடக்க வேண்டும்.

எங்கள் டியூட்டர் மேடம் முன்னால் நின்று பார்க்க மாட்டார். வரிசைக்குப் பின்னால் நடந்து வருவார். செருப்புச் சத்தம் யார் பின்னால் நிற்கும் என்று தெரியாது. சத்தம் நின்று, பிடரியில் குளிர்ந்த விரல் ஒன்று பட்டால் அன்றைக்கு மாட்டியது நாம்தான்.

பெரும்பாலும் நான்தான். என் முடி சுருட்டை. இடுப்புக்குக் கீழே வரும். எண்ணெய் வைத்து, ஊக்கு மேல் ஊக்காகக் குத்தி அடக்கினாலும் பஸ் ஏறி இறங்குவதற்குள் காதோரம் ஒரு சுருள் எட்டிப் பார்க்கும். பத்து மணிக்கெல்லாம் ஊக்குகள் மண்டையில் அழுந்தித் தலைவலி வந்துவிடும். வார்டில் நிற்கும்போது கை தானாகப் பின்னந்தலைக்குப் போகும். பாடம் நடக்கும்போதும் போகும். வகுப்பில் எதுவும் மனதில் நிற்காமல், முடி நிற்கிறதா என்பதிலேயே இருந்தேன்.

தினமும் எனக்கு ஊக்குக் குத்திவிட்டவள் என் ரூம்மேட். சேலம் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். ஹாஸ்டல் வாசல்வரை தலையில் ஷாலோடு வருவாள். வரிசையில் நிற்கும் முன் அதை எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைப்பாள். சாயந்திரம் பஸ் வந்து நின்றதும் மறுபடி போட்டுக்கொள்வாள். நான் என் முடியைப் பற்றி நாள் முழுக்கப் புலம்புவேன். அவள் ஷாலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம், ஒரு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தது என் தப்பு, காற்றில் முடி கலைந்துவிட்டது. வார்டு வாசலிலேயே மேடம் என்னை நிறுத்திவிட்டார். அவருக்கு ஆத்தூர்ப் பக்கம்; பேச்சு எங்களுடையதைப் போல இழுக்காது, வெட்டினாற்போல இருக்கும்.

"என்னம்மா இது? வெளியே போய் உட்காரு. நான் கூப்பிடற வரைக்கும் உள்ளே கால் வைக்கக் கூடாது."

கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி முடியைச் சரிசெய்துவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் போயிருக்கும். எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். போகிறவர்கள் எல்லாம் ஒரு நர்ஸ் ஏன் வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்ப்பதுபோல இருந்தது. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்திலிருந்து அப்பா லாரி ஓட்டிப் படிக்க வைப்பது இதற்கா என்று தோன்றியது.

அப்போது எதிரே இருந்த ஆண்கள் வார்டிலிருந்து ஒரு அம்மா ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். எருமப்பட்டிப் பக்கத்துக் குடியானவர் என்று பின்னால்தான் தெரிந்தது. நேராக வந்து என் கோட்டைப் பிடித்தார்.

"சாமி, செத்த வாங்க. எங்கூட்டுக்காரரு ஒரு மாதிரி பண்றாருங்க."

"நான் ஸ்டூடன்ட்டுங்கம்மா. உள்ள சிஸ்டர் இருப்பாங்க, கூப்புடுங்க."

"அவிய வேற ஆளுகிட்ட நிக்கறாங்க சாமி. நீங்க வாங்க!"

இழுத்துக்கொண்டே போய்விட்டார். எனக்குப் பின்னால் மேடம் இருந்த வார்டின் கதவு மூடியிருந்தது.

கட்டிலில் இருந்தவர் சர்க்கரை நோயாளி. காலில் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தது. உடம்பு முழுக்க வேர்வை, கை நடுக்கம். மனைவியையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டில் இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"இன்சுலின் ஊசி போட்டாச்சுங்களா?"

"வெடியால போட்டாங்க. அப்புறம் சாப்பாடே எறங்கலீன்னுட்டாரு."

சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. வார்டின் கடைசியில் சிஸ்டர் மூச்சுத்திணறல்காரர் ஒருவருக்கு ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"முழுங்குறாரா?"

"முழுங்குறாருங்க."

"சக்கரத் தண்ணி கரைச்சுக் குடு அம்மிணி. இந்தா வாரேன்."

அந்த அம்மா டீக்காக வைத்திருந்த சர்க்கரையை டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். நோயாளியின் தலையைத் தாங்கிப் பிடித்துக் குனிந்தபோது, குழப்பத்தில் கையை வீசினார். விரல்கள் என் கொண்டையில் மாட்டின. வலையும் ஊக்குகளும் கட்டிலில் சிதற, முடி மொத்தமும் அவிழ்ந்து அவர் மேல் விழுந்தது. டம்ளருக்குள்ளும் ஒரு முடி விழுந்தது. அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மெதுவாகப் புகட்டினேன். சிஸ்டர் வந்து விரலில் குத்திப் பார்த்தபோதும் அளவு குறைவாகத்தான் இருந்தது. கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்று, "ஏம்புள்ள அழுவற?" என்று மனைவியைக் கேட்டார்.

நிமிர்ந்தால் கட்டிலின் கால்மாட்டில் மேடம் நிற்கிறார். நான் ஆண்கள் வார்டின் நடுவில், இடுப்புக்குக் கீழ்வரை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அவர் நோயாளியின் நாடியைப் பார்த்துவிட்டு, "முடியைக் கட்டு" என்று மட்டும் சொன்னார்.

சாயந்திரம் மன்னிப்புக் கடிதம் கேட்டார். எனக்குத் தாங்கவில்லை.

"அந்தம்மா கூப்பிட்டப்போ நான் என்ன பண்ணியிருக்கணுங்க மேடம்?"

"போயிருக்கணும். போனதுக்கா லெட்டர் கேக்கறேன்? முடிக்குக் கேக்கறேன்."

"அவருதானுங்க இழுத்தாரு."

"இழுக்கற மாதிரி இருந்துச்சு, இழுத்தாரு. அவர் கால்ல புண்ணு இருந்துச்சு, அதுல முடி பட்டிருந்தா?"

டம்ளரில் விழுந்த முடியை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எழுதிக் கொடுத்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகுதான் அது எழுத வந்தது. அவர் சொன்னது சரியென்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரூம்மேட்டைக் கூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டில் ஒரு பார்லருக்குப் போய்க் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டேன். வீடியோ காலில் அம்மா, "எதுக்கு சாமி இப்படிப் பண்ணுன?" என்று கேட்டு அழுதார். அப்பா லாரியோடு நாக்பூர் பக்கம் எங்கோ இருந்து போனில் வந்தார். "தல லேசா இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். உண்மையிலேயே இருந்தது, ஒரு நாள்.

திங்கட்கிழமை செருப்புச் சத்தம் என் பின்னால் வந்து வெகுநேரம் நின்றது.

"இதை எப்படிக் கொண்டை போடுவ?"

விதியில் கொண்டை என்றுதான் இருக்கிறதாம். குட்டை முடிக்கு என்ன செய்வது என்று எழுதவில்லை. பிரின்சிபால் அறைவரை போயும் அதே பதில்தான். கடைசியில் ரூம்மேட் சேலத்திலிருந்து ஒரு சவுரிக் கொண்டை வாங்கி வந்தாள். யாருடையதோ தெரியாத முடி. நேராக, வழவழப்பாக இருந்தது. அதை வலைக்குள் வைத்துப் பின்னந்தலையில் குத்திக்கொண்டு வரிசையில் நின்றேன். குளிர்ந்த விரல் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் போனது. முன்பு கொண்டை அவிழுமோ என்று பயம். இப்போது கழன்று கீழே விழுமோ என்று பயம்.

பத்து நாள் கழித்து அந்த நோயாளியை வீட்டுக்கு அனுப்பினார்கள். மேடமே என்னைக் கூப்பிட்டனுப்பினார். வராந்தாவில் அந்த அம்மா கையில் ஒரு பை கொய்யாப்பழத்தோடு நின்றார். பக்கத்தில் கணவர் கோல் ஊன்றி நின்றார்.

"இவளைத்தான் தேடினீங்க" என்றார் மேடம்.

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இவிய இல்லீங்களே. அந்தப் புள்ளைக்கு முடி இம்புட்டு நீளங்க, சுருட்டையா. அவுந்து எங்கூட்டுக்காரரு மேலயே உழுந்துதே."

கணவருக்கு எதுவும் ஞாபகமில்லை, சும்மா சிரித்தார். நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. மேடம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் சவுரியைக் கழற்றிக் காட்ட வேண்டியிருக்கும்.

"இன்னைக்கு அந்தப் புள்ள லீவுங்கம்மா" என்றேன்.

"அப்படிங்களா? இதக் குடுத்துருங்க சாமி. நல்லா இருக்கோணும்னு சொன்னேன்னு சொல்லுங்க."

"சொல்றேனுங்க."

அவர்கள் மெதுவாகப் படியிறங்கிப் போனார்கள். பையை வைத்துக்கொண்டு நின்றேன். மேடம் என்னைச் சுற்றிப் பின்னால் வந்து, சரிந்திருந்த ஊக்கு ஒன்றை எடுத்து அழுத்திக் குத்திவிட்டு, "வார்டுக்குப் போ, டைம் ஆச்சு" என்றார்.