காட்டு ராஜா வந்த தீபாவளி

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது முப்பது பேரைத் தீபாவளி விருந்துக்கு அழைத்தேன். அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட அதுவரை நான் பார்த்ததில்லை.

அப்பாவுக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்து, நாங்கள் செனாய் என்ற ஊருக்குக் குடிவந்து ஓராண்டு தாண்டியிருந்தது. தாமான் குடியிருப்பில் யாரும் பழக்கமில்லை. முதல் தீபாவளிக்கு அம்மா திறந்த இல்ல உபசரிப்பு என்று பெரிய சட்டி நிறையப் பிரியாணி செய்து, கேட்டை அகலத் திறந்து வைத்துக் காத்திருந்தார். ஆறு பேர் வந்தார்கள். மிச்சத்தை நாங்கள் நான்கு நாள் சாப்பிட்டோம். மறு ஆண்டு, "இந்த வருசம் சின்ன சட்டி போதும்" என்றார்.

அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "பெரிய சட்டியே வைங்கம்மா. என் கூட்டாளிங்க முப்பது பேரு வராங்க."

பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகள் என்று அம்மா நினைத்துக்கொண்டார். அவர் சிரித்த சிரிப்பில் எனக்குத் திருத்தத் தோன்றவில்லை.

அந்த முப்பது பேரும் இருந்தது கடைத்தெரு சைபர் கஃபேயில், ஏழாம் எண் கணினிக்குள். பிள்ளைகளே, உங்களுக்கு இது பெரிய செய்தியில்லை. போனிலேயே ஓர் உலகத்துக்குள் போய் வீடு கட்டிவிட்டு, சாப்பிட வந்துவிடுகிறீர்கள். எனக்கு அந்தக் கணினி விளையாட்டுதான் முதல் உலகம். உள்ளே நுழைந்தால் கடல், கோபுரம், சந்தை. சந்தையில் வரிசையாகக் கடை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வோர் உருவத்துக்குப் பின்னாலும் எங்கோ ஒரு நாற்காலியில் நிஜமான ஒருவர் இருக்கிறார் என்று நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும்.

முதலில் ஐந்து பேர்தான் சேர்ந்து வேட்டைக்குப் போனோம். பத்தானோம், இருபதானோம். பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் நீரூற்றைச் சுற்றி முப்பது பேர் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருவர் தன் ஊர் பொந்தியான் என்பார், ஒருவர் பண்டார் தெங்காரா என்பார். யார் மலாய், யார் சீனர், யார் தமிழர், ஒன்றும் தெரியாது. வில்லாளி, வாள்வீரன், மந்திரவாதி, அவ்வளவுதான். நான் காயம்பட்டவர்களைக் குணமாக்குகிறவன். பெயர் 'டொக்டர் கெச்சில்', அதாவது குட்டி டாக்டர். மருத்துவம் படிக்கிறேன் என்றும் சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் தலைவர் 'ராஜா ஹூத்தான்', காட்டு ராஜா. தோளில் புலித்தோல், கையில் ஆளுயரக் கோடரி. 'ஓடு' என்று அவர் தட்டினால் முப்பது பேரும் ஓடுவோம். யாராவது பின்னால் விழுந்துவிட்டால், அவர் மட்டும் திரும்பிப் போவார்.

அந்த நீரூற்றருகே நின்று, தீபாவளியன்று பகல் பன்னிரண்டு மணி என்று எங்கள் வீட்டு முகவரியைத் தட்டினேன். நீங்கள் ஒருபோதும் இப்படிச் செய்யக் கூடாது. எனக்கு நல்லபடியாக முடிந்தது என்பதற்காக அது நல்ல காரியம் ஆகிவிடாது. அதன்பின் நான்கு நாள் அந்த உலகத்துக்கே போக முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி துடைக்க அம்மா என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்.

தீபாவளியன்று பன்னிரண்டு மணிக்குக் கேட்டைத் திறந்தோம். ஒரு மணி ஆனது. இரண்டானது. மூன்று மணிக்கு அக்கா ஆரம்பித்தாள். "டேய், உன் கூட்டாளிங்கள்லாம் கம்ப்யூட்டர்லேருந்து வெளிய வர வழி தெரியாம மாட்டிக்கிட்டாங்க போல லா!"

உண்மை வெளியே வந்துவிட்டது. "மொகந்தெரியாத ஆளுங்களுக்கு வீட்டு அட்ரஸ் குடுத்தியாடா?" என்று அப்பா கத்தினார். அம்மா கத்தவில்லை. சட்டியைத் திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

பொழுது சாய்ந்து, சூராவிலிருந்து, அந்தச் சின்னப் பள்ளிவாசலிலிருந்து, பாங்கு ஒலித்தது. அது ரம்ஜான் நோன்பு மாதம். சற்று நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும் சத்தம். பின்னால் ஒரு வேன், இரண்டு கார்.

"டொக்டர் கெச்சில் அடா?" குட்டி டாக்டர் இருக்கிறாரா என்று யாரோ கேட்டார்கள்.

"டாக்டரா? இங்க யாரும் டாக்டர் இல்லியே" என்று அப்பா மலாயில் சொல்வது கேட்டது. நான் ஓடினேன். கேட்டருகே பத்தொன்பது பேர்! பொந்தியான் வில்லாளி ஒரு சீனப் பையன், இரண்டு கையிலும் அன்னாசிப்பழம். பண்டார் தெங்காரா மந்திரவாதி ஒரு தமிழ் அண்ணன். என்னைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்தார். "அலமாக்! பொடிப்பையன் லா இவன்! இவன்கிட்டயா நான் வயித்துவலிக்கு மருந்து கேட்டேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் காட்டு ராஜாவைத் தேடினேன். கூட்டத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை. கடைசியாக, தூடோங் முக்காடு அணிந்த குள்ளமான ஓர் அம்மா, பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். எங்கள் அம்மா வயதிருக்கும். என் தலையைத் தொட்டு மலாயில் சொன்னார்: "நான்தான். பகல்ல வந்தா நான் எப்படிச் சாப்பிடறதுன்னு எல்லாரும் சேர்ந்து நேரத்தை மாத்திட்டாங்க. ஒனக்கும் எழுதினோமே, நீ வரவே இல்லியே!"

அந்தப் புலித்தோலுக்குள் இந்த அம்மாவா! நான் வாய் திறந்து நின்றேன். ஆனால் என்னைவிட அதிகமாக அசந்து நின்றவர் அப்பாதான். தண்ணீர்த் தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவரைப் பார்த்து அந்த அம்மாவும் திகைத்து விரலை நீட்டினார்.

"ஒரே பஸ்ஸு" என்று அப்பா எங்கள் அம்மாவிடம் சொன்னார். "கம்பெனி பஸ்ஸு. எனக்கு ரெண்டு சீட்டு முன்னால ஒக்காருவாங்க. ஒரு வருசமா."

"பேசினதே இல்லியா?"

அப்பா தண்ணீர்த் தட்டை மேசையில் வைத்தார். பிரியாணி பரிமாறும்போதும், அன்னாசி நறுக்கும்போதும், "ஒரே பஸ்ஸு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா கரண்டியால் சட்டியின் அடியைச் சுரண்டும் சத்தம் அன்று எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது.

இத்தனை பேர் திரைக்குள்ளிருந்து எங்கள் வீட்டுக்கு நடந்து வந்ததே, அதுதான் எனக்கு உலக அதிசயம். பஸ்ஸில் என்ன அதிசயம் இருக்கிறது?

விடுமுறை முடிந்த காலையில் அப்பா கம்பெனி பஸ்ஸுக்கு வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பினார். பையில் சிவப்பு மூடி டப்பா நிறைய முறுக்கு, மூடியைச் சுற்றிக் கவனமாக டேப். சாயங்காலம் டப்பா இல்லாமல் திரும்பி வந்தார். அத்தனை முறுக்கையும் ஒரே நாளில் தின்றுவிட்டாரே என்று நான் ஆச்சரியப்பட்டேன்.