கோடு விழாத மேஜை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாட்டின் துணியில் சாக்பீஸால் அளவு குறித்துக்கொண்டிருந்தேன். போனில் குணாவின் பெயர் வந்தது. மீஞ்சூரிலிருந்து மதியம் வரத் தாமதமாகும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இன்னா குணா, இன்னிக்கும் லேட்டா?" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன். பேசியது அவர் மனைவி மேரி. "யக்கா, அவரு பூட்டாருக்கா" என்றார். தூக்கத்திலேயே மாரடைப்பு. அந்த நேரத்திலும் கத்திவிட்டேனே என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்று குணாவின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில், திருவொற்றியூரில் எங்கள் ஷெட்டுக்கு வந்துபோனவர்களுக்கு அவரைத் தெரியும். ஒரே ஷெட், ஒரே மேஜை, இரண்டு தொழில். மதியம் இரண்டு மணி வரை நான் அதில் கல்யாண கவுன் வெட்டுவேன். பிறகு குணா அதே மேஜையில் பிளைவுட் அறுப்பார். தையலையும் தச்சு வேலையையும் ஒன்றாக வைத்தவள் பைத்தியக்காரி என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. தனித்தனியாக இடம் பிடிக்க எங்கள் இருவருக்கும் வசதியில்லை.

அவருக்கு முன்னால் இருந்த தச்சர், மேஜையிலேயே ரம்பத்தை இறக்கியவர். அந்தக் கீறலில் மாட்டி, ராயபுரத்துப் பெண் ஒருத்தியின் கவுன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கிழிந்தது. அவள் அம்மா ஷெட் வாசலில் நின்று அழுதார். மேஜைக்குப் புது மேல்பலகை போட்டேன். இன்னொரு கீறல் விழுந்தால் ராயபுரத்தில் யாரும் என்னிடம் கவுன் கொடுக்க மாட்டார்கள்.

அதனால் குணா வந்த முதல் நாள் பக்கத்திலேயே நின்று முறைத்தேன். அவர் ஒரு பழைய பலகையை மேஜைமேல் விரித்தார். அதன்மேல் பிளைவுட்டை வைத்து அசையாமல் இறுக்கினார். பிளைவுட்டைத் தாண்டி ஒரு நூல் அளவுதான் பிளேடு இறங்கும்படி கட்டிங் மிஷினைத் திருகி வைத்து அறுத்தார். வெட்டெல்லாம் பழைய பலகைக்குப் போனது. முடிந்ததும் நான் ஒரு சாட்டின் துண்டை மேஜை முழுக்க இழுத்துப் பார்த்தேன். பரீட்சை முடிவுக்கு நிற்பவர்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கும் மாட்டவில்லை. மறுநாள் முதல் தூளைத் துடைத்துவிட்டு அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ரயிலுக்குக் கிளம்புவார்.

நான் செய்த கூத்தையும் சொல்லவேண்டும். ஒரு ஆயுத பூஜைக்கு முன்தினம் அவர் வரவில்லை. ஷெட்டைச் சுத்தம் செய்த நான், உடம்பெல்லாம் வெட்டோடு சுவரில் சாய்ந்திருந்த அந்தப் பலகையைக் குப்பை என்று நினைத்து, எதிர் பிரியாணிக் கடைக்கு விறகாகக் கொடுத்துவிட்டேன். பூஜை முடிந்து வேலைக்கு வந்தவர் தேடினார்.

"யக்கா, இங்க சாஞ்சிகினு இருந்த பலகை எங்க?"

"அதுவா? கலீஜா கீதுன்னு பிரியாணிக்காரர் கையில குடுத்துட்டேன்."

"வெந்துடுச்சா?"

"பலகையா, பிரியாணியா?" என்றேன், தப்பு என்னுடையது என்று தெரிந்தும். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார்.

ஆனால் ஐந்து மணிக்கு டெம்போ வரும். அதற்குள் ஆறு கதவுகள் அறுத்தாக வேண்டும். எனக்குக் குற்ற உணர்ச்சி. ஒரு துணியை மடித்துப் போட்டு அறுக்கச் சொன்னேன். "பிளேடு துணிய சுத்திக்கினா ரெண்டு பேரும் பேஜாரு" என்றார். அப்படியானால் வெறும் மேஜையிலேயே அறுங்கள், கீறினால் என் பாடு என்றேன். அவர் மிஷினைத் தொடவே இல்லை. "உனுக்குக் கோபம் ஒரு நாள் கீது, அப்பால பூடும். கீறல் போவாது யக்கா" என்றார்.

பிறகு மூலையில் இருந்த புதுப் பிளைவுட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். மேரி நச்சரித்து, வீட்டு அலமாரிக்காக அவர் வாங்கி வைத்திருந்தது அது. நான் தடுக்கத் தடுக்க அதன்மேல் ஆறு கதவுகளையும் அறுத்தார். அன்றோடு அந்தப் புதுப் பலகையில் இருபது கோடுகளாவது விழுந்திருக்கும். அந்த அலமாரியை அடுத்த ஆயுத பூஜை வரை மேரி எனக்கு ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தார்.

அன்றுகூட நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. "டெம்போ வந்துடும், சீக்கிரம்" என்றுதான் சொன்னேன்.

போன வாரம் மாதவரத்திலிருந்து ஒரு தச்சர் இடம் கேட்டு வந்தார். மேஜைமேல் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தவர், "டேபிள் புச்சாக்கா?" என்றார். பதினோரு வருடமாகத் தினமும் ரம்பம் ஓடிய மேஜை என்றேன். அவர் நம்பாமல் குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்ந்து பார்த்தார். ஒரு கோடு இல்லை. முன்பின் தெரியாத அந்த மனிதர் முன்னால் நான் அழுதேன்.

இந்த மேஜைதான் குணா எனக்கு விட்டுப்போனது. இதில் அவர் வேலை செய்த அடையாளமே கிடையாது. அப்படி இருக்கத்தான் பதினோரு வருடம் பாடுபட்டார். நன்றி குணா. இருந்தபோதே சொல்லியிருக்கவேண்டும்.