குமுதாவின் பெயரில் இரண்டாவது துண்டு

குமுதாவை எந்த அரசாங்க அலுவலகக் கவுண்டருக்கும் தனியாக அனுப்ப முடியாது. கிள்ளானில் நானும் அவளும் ஒரே சரக்கு நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். துறைமுகத்திலிருந்து வரும் லோரிக்காரர்களை அதட்டி வேலை வாங்குகிறவள், பாஸ்போர்ட் புதுப்பிக்க மட்டும் என்னைத் துணைக்குக் கூப்பிடுவாள். அவளுடைய ஐசியில், அதாவது அடையாள அட்டையில், குமுதா என்பதோடு பெயர் முடிந்துவிடும். நம் பெண்கள் பெயருக்கு நடுவே a/p என்று வருமே, இன்னாருடைய மகள் என்று, அது அவளுக்குக் கிடையாது. "அப்பா பேரு?" என்று யாராவது கேட்டுவிட்டால் அவள் முகம் செத்துவிடும்.

அப்பா இல்லாமல் இல்லை. பழனியப்பன் அங்கிள், லோரி ஓட்டி ஓய்ந்தவர், இன்றும் அவளோடுதான் இருக்கிறார். ஊர் கூடிக் கோவிலில் தாலி கட்டிய கல்யாணம். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளை பிறந்தபோது அங்கிள் ஈப்போவுக்கு லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார். அம்மா தனியாகப் போய்ப் பிறப்பைப் பதிந்தார். கல்யாணச் சான்றிதழும் இல்லை, பக்கத்தில் கணவரும் இல்லை. விதிப்படி அப்பா பெயர் வர வேண்டிய இடத்தில் தகவல் இல்லை என்று மலாயில் எழுதிவிட்டார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே அம்மாவும் தவறிவிட்டார். ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லையே என்று எனக்கு இன்றும் ஆத்திரம்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமைதோறும் பைத்தான் என்கிற கணினி மொழிக்கு வகுப்பு நடக்கிறது. சேருவதற்குக் கைபேசி எண் மட்டும் கேட்டார்கள். அதற்காகவே குமுதா சேர்ந்தாள், என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். சொல்லித் தந்த சுகுமாறன் எங்களைவிட இளையவன், பங்சாரில் ஏதோ கம்பெனியில் வேலை. மேற்கோள் குறிக்குள் எதை வைத்தாலும் அது ஸ்ட்ரிங், வெறும் எழுத்துச் சரம், அதன் அர்த்தம் கணினிக்குத் தெரியாது என்றான். கூட்டல் குறி போட்டால் இரண்டு சரங்கள் ஒட்டிக்கொள்ளும். split என்று சொன்னால், நாம் காட்டுகிற இடத்தில் வெட்டித் துண்டுகளாகக் கொடுக்கும். எனக்கே புரிந்தது என்றால் பாருங்கள்.

அந்தச் சனிக்கிழமை சுகுமாறன் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருந்தான். முழுப் பெயரைக் கொடுத்தால், ஆண்களுக்கு a/l, பெண்களுக்கு a/p வருகிற இடத்தில் வெட்டும். முதல் துண்டு நம் பெயர், இரண்டாவது துண்டு அப்பா பெயர். ஒவ்வொருவராக முன்னால் போய்ப் பெரிய திரையில் போட்டுப் பார்க்க வேண்டும். "வணக்கம் ரமணி, உங்கள் அப்பா பக்கிரிசாமி" என்று எனக்கு வந்தது. சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் குமுதாவுக்கு வியர்த்திருந்தது.

"நான் கெளம்புறேன்க்கா."

"ஒக்காருடி. அப்பா பேர சேத்து அடிச்சிடு லா. யாரு ஐசி கேக்கப் போறா?"

"இல்லாதத எப்படிக்கா அடிக்கிறது?"

அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். போனாள். குமுதா என்று மட்டும் அடித்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இல்லாத இரண்டாவது துண்டைக் கேட்டால் கணினி என்ன செய்யும், நின்றுவிட்டது.

"அக்கா, அப்பா பேர விட்டுட்டீங்க," என்றான் சுகுமாறன்.

"விடல சார். ஐசில அவ்வளவுதான் இருக்கு."

பின்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சுகுமாறன் மட்டும் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் நான் எழுந்து உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். ஆனால் அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு காது சிவக்கச் சொன்னான்.

"சாரிக்கா. எல்லார் பேர்லயும் ரெண்டு துண்டு இருக்கும்னு நானா நெனச்சிட்டேன். வாங்க, ஒரு if போடுவோம்."

இரண்டாவது துண்டு இருந்தால் அப்பா பெயரோடு வணக்கம், இல்லையென்றால் பெயருக்கு மட்டும் வணக்கம். அவன் சொல்லச் சொல்ல அவளே அடித்தாள். "வணக்கம் குமுதா" என்று வந்தது. அவ்வளவுதான், அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது ரயிலில் அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அவள் வீட்டுக்கே போனேன். அங்கிள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, "இன்னைக்கு என்னம்மா சொல்லிக் குடுத்தாங்க?" என்றார். குமுதா மடிக்கணினியைத் திறந்து, வெட்டுவதையும் ஒட்டுவதையும் காட்டினாள். வகுப்பில் நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

"ஒட்டுறதுன்னா, எத வேணா ஒட்டுமா?"

"எத வேணாலும்ப்பா."

"அப்ப ஒம் பேரோட எம் பேர ஒட்டு."

குமுதா என்னைப் பார்த்தாள். பிறகு தன் பெயரை அடித்து, கூட்டல் குறி போட்டு, நடுவே a/p வைத்து, இன்னொரு கூட்டல் குறி போட்டு அவர் பெயரை அடித்தாள். என்டரைத் தட்டியதும் ஒரே வரியாக வந்தது, குமுதா a/p பழனியப்பன். அங்கிள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாய்க்குள்ளேயே எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"இத பிரிண்ட் எடுத்தா செல்லுமாம்மா?"

"எங்கயும் செல்லாதுப்பா."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எனக்குச் செல்லும். எடும்மா."