பூவே தீவைப் பார்த்துக்கொள்பவர்

மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, நோர்வேயின் ஒரு பகுதியைப் பற்றி வகுப்பில் பேசச் சொன்னார்கள். சீட்டுப் போட்டதில் தோழிக்கு பேர்கன் நகரம் கிடைத்தது, இவளுக்கு பூவே தீவு. ஒஸ்லோவின் ஓரத்தில், மோர்டென்ஸ்ருட்டில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழுதுகொண்டுதான் வந்தாள்.

"பேர் நல்ல வடிவாயிருக்கு," என்றேன்.

"அங்கை பூவுமில்லை, ஆளுமில்லை அம்மா. ஐஸ் மட்டும்தான்."

தென் அட்லாண்டிக்கில், எந்தக் கரைக்கும் எட்டாத தீவு அது. திமிங்கில வேட்டைக் காலத்தில் நோர்வேக் கப்பலொன்று போய்க் கொடி நட்டது. உரிமை கோரிய பிரித்தானியாவும் பிறகு விட்டுக்கொடுத்தது. இன்றும் நோர்வேச் சட்டம் அங்கே செல்லும். நிர்வாகம் ஒஸ்லோவில், நீதி அமைச்சில்.

"ஆளில்லாத இடத்துக்கு என்னத்துக்குச் சட்டம்?" என்று சிரித்தார் என் கணவர்.

மகள் அமைச்சுக்கே தொலைபேசி எடுத்தாள். ஒரு பெண் அதிகாரி பொறுமையாகக் கதைத்தாராம். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அனுமதி கொடுப்பது, சீல்களையும் பெங்குவின்களையும் யாரும் தொந்தரவு செய்யாமல் பார்ப்பது எல்லாம் அவர்கள் வேலை.

"அந்த ஆன்ரி ஒருநாளும் அங்கை போகேல்லையாம். படம் மட்டும் மேசைக்கு மேலை கொழுவி வைச்சிருக்கிறாவாம்," என்றாள் சாப்பாட்டு மேசையில்.

கணவர் கையில் எடுத்த சோற்றைத் தட்டில் திரும்ப வைத்தார். அவரும் யாழ்ப்பாணத்துக்கு அருகே ஒரு சின்னத் தீவில்தான் பிறந்தார். சண்டையில் சனமெல்லாம் வெளிக்கிட்ட பிறகு தீவில் அவருடைய ஊர்ப் பக்கத்தில் ஒருவரும் திரும்பிக் குடியேறவில்லை. அதைப் பற்றி வீட்டில் அவர் கதைப்பதே இல்லை.

"எங்கடை ஊரிலையும் இப்ப ஒருத்தரும் இல்லை," என்றார் மெதுவாக.

"அப்ப அதையும் இஞ்சை ஒரு ஆன்ரி பாக்கிறாவோ?"

"இல்லையம்மா. நான்தான்."

மகள் எழும்பிப் போய் அவருடைய மடியில் இருந்துகொண்டாள். அந்த வயதில் அவள் மடியில் இருப்பதை விட்டிருந்தாள். அவர் இடக்கையால் அவளை அணைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

அவள் வகுப்பில் பேசிய நாளன்று அவர் வேலைக்கு லீவு போட்டார். பின்வரிசையில், சின்னக் கதிரையில், முழங்கால் இடிக்க இருந்தோம். மகள் கொடி நட்ட கதையில் தொடங்கி அதிகாரி சொன்னதுவரை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

முடிந்ததும் ஆசிரியை எங்களிடம் வந்து, அப்பாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். கணவர் எப்போதும் "ஸ்ரீலங்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அன்று தன் தீவின் பெயரைச் சொன்னார். ஆசிரியைக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. கணவர் மூன்று தரம் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார், அவசரப்படாமல்.