ஏழாம் லயத்துப் பீலி

1. ஞாயிறு பத்திரிகை

திங்கட்கிழமை காலை கந்தோரில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பொறியியலாளர், முந்தைய நாள் பத்திரிகையை விரித்து வைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்துகிறவர் அல்ல.

"பிள்ளை, இது நீர் எழுதினதோ?"

"ஆமாங்க சார். விஞ்ஞானக் கதை."

"கதை எண்டு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஏழாம் லயத்துச் சனத்துக்குத் தெரியேல்லை. நேற்றுப் பின்னேரமே பாயும் சட்டியுமாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுதுகளாம். தோட்டத்துத் துரை விடிஞ்சதிலயிருந்து மூன்று தரம் ஃபோன் எடுத்திட்டார். நீரே போய்ச் சொல்லி, எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போட்டு வாரும்."

அப்போது நான் பதுளையில் மண்சரிவு அளவைப் பிரிவு ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர். தொழில்நுட்பக் கல்லூரியில் டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஏழாம் லயத்துக்குப் பின்புறச் சரிவில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் இரு பக்கமும் ஆணி அடித்து, வாரம் ஒருமுறை இடைவெளியை டேப்பால் அளந்து, மழைமானியையும் பார்த்து ஃபீல்ட் புக்கில் எழுதுவது என் வேலை.

2. அப்போது நான் எழுதிய முறை

இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் பட்டியலாகவே தருகிறேன்.

அ) வாசிப்பு: பழைய புத்தகக் கடையில் வாங்கிய, அட்டை போன ருஷ்ய விண்வெளிக் கதைகளின் மொழிபெயர்ப்புகள். கருவிகளோடு வரும் கையேடுகள். கையேடுகளில் வீண் சொல் இருக்காது. நடையை அங்கேதான் கற்றேன்.

ஆ) ஒரு கதைக்கு ஒரு பொய் மட்டும். மற்ற எல்லாம் அளந்ததாக இருக்க வேண்டும்.

இ) அந்தப் பொய் கடைசிப் பத்தியில்தான் வர வேண்டும்.

அந்தக் கதையில் மலை ஒரு உயிர். நூறு வருடத்துக்கு ஒருமுறை மூச்சு விடும். ஒரு பெண் அதை அளவை அறிக்கையாக எழுதிக்கொண்டே போவாள். ஆணி, மழைமானி, லயத்து நம்பர் எல்லாவற்றையும் என் ஃபீல்ட் புக்கிலிருந்தே எடுத்தேன். முதல் மூன்று அளவுகள் உண்மை. பின்னால் வெடிப்பு விரிந்துகொண்டே போவது அந்த ஒரே பொய்யிலிருந்து வந்த கற்பனை; மலை மூச்சு விடுகிறது என்பது கடைசிப் பத்தியில்தான் தெரியும்.

தோட்டத்தில் ஒரு வீட்டில் பத்திரிகை வாங்கினால் லயமே வாசலில் கூடிவிடும். ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் எழுதும்போது, தனியாக உட்கார்ந்து கடைசி வரை படிக்கும் ஒருவரையே நினைத்திருந்தேன். ஏழாம் லயத்தில் கடைசிப் பத்தி வரை யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

3. பள்ளிக்கூடத்தில்

பசறை பஸ்ஸில் போகும்போது, சொல்ல வேண்டியதை மூன்று வரிகளாக எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் செல்வமணி நின்றிருந்தாள். கொழுந்தெடுக்கிறவள், என் வயது. நான் அளக்கப் போகும் நாட்களில் டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவள்.

"வாங்க மிஸ். மலை மூச்சு விட்டுருச்சா?"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கவில்லை.

"அது கதைங்க. கற்பனை."

"கதைக்கு ஒங்களுக்கு எங்க லய நம்பர்தான் கெடச்சுச்சா? கீழ ஒங்க பேரு வேற. ஆணியப் பாக்குற மிஸ்ஸே எழுதிட்டாங்கன்னு எங்க மாமியாரு ஒரல உருட்டிக்கிட்டு வந்துருச்சு. சரி, எது பொய், எது நெசம்?"

"மலை மூச்சு விடுறது பொய். வெடிப்பு விரிஞ்சதும் பொய். ஆணி நெசம்."

"அப்ப ஒங்க கதையில ஒன்னு கொறையுது. பீலியப் பத்தி ஒரு வரி இல்ல."

பீலி என்பது லயத்துக்குப் பக்கத்தில் ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடம். குடிக்கவும் குளிக்கவும் அதுதான்.

"பீலிக்கு என்ன?"

"நாலு நாளா கலங்கித்தான் வருது. துணியில வடிச்சாலும் மண்ணு நிக்கிது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப வந்தாலும் அந்த ரெண்டு ஆணியத்தான பாப்பீங்க. பீலிய என்னைக்குக் கேட்டீங்க?"

4. சொல்லாமல் விட்டது

அவளோடு போய்ப் பார்த்தேன். தண்ணீர் தேநீர் நிறத்தில் விழுந்தது. மழைமானியில் ஒரு வாரமாக ஒன்றும் இல்லை. ஆணிகளின் இடைவெளி மாறவில்லை. மழையில்லாமல் ஊற்று கலங்கினால் உள்ளே மண் அரிக்கிறது என்பதைக் கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்.

தோட்டக் கந்தோரிலிருந்து ஃபோன் செய்தேன்.

"சார், நான் அவங்ககிட்ட சொல்லல."

"எதைச் சொல்லேல்லை?"

"திரும்பிப் போகச் சொல்லி." பீலியைப் பற்றிச் சொன்னேன். ஆணிகள் மாறாததையும் மறைக்கவில்லை.

"ஆணி அசையேல்லை எண்டும் சொல்லுறீர். பிள்ளை, உம்மட கதையை உண்மையாக்கப் பாக்கிறீரோ?"

அந்தக் கேள்வி எனக்குள்ளும் இருந்தது. கதை பலித்தால் நான் தப்புவேன். பலிக்காவிட்டால் நாற்பது பேரை வீதிக்கு இழுத்துவிட்டவள் ஆவேன். அப்படிப்பட்ட ஒருத்தியின் கண்ணை நானே நம்பத் தயங்கினேன்.

"எனக்கே தெரியல சார். அதனாலதான் நீங்க வந்து பாருங்கன்னு சொல்றேன்."

வந்தார். பீலித் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து, அடியில் மண் படியும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துரையிடம் போய், "ஒருத்தரும் திரும்பக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை மதியம் சரிவு இறங்கியது. வெடிப்பு இருந்த இடத்தில் அல்ல, அதற்கு நேர் இடப்புறம். லயத்தின் கடைசி நான்கு காம்பராக்களின் பின்சுவர் விழுந்து அடுப்படிகளில் மண் நிறைந்தது. இரண்டு கோழிகள் போயின. என் ஆணிகள் அடித்த இடத்திலேயே இருந்தன.

5. பிறகு

எனக்குப் பாராட்டுத்தான் கிடைத்தது. அதைத் தாங்குவது கடினமாக இருந்தது. வேறு தோட்டங்களுக்குப் போனால், "அடுத்த கதை எந்த லயத்துக்கு மிஸ்?" என்று கேட்டார்கள். பாதி கேலி, பாதி பயம். இன்றும் மழை தொடர்ந்து பெய்தால் என்னால் உட்கார்ந்து எழுத முடியாது.

மாற்றிக்கொண்டவை இரண்டு. ஃபீல்ட் புக்கில் 'பீலி' என்று ஒரு கட்டம் கூடியது. அதை நிரப்ப அங்கே தண்ணீர் பிடிக்கிறவர்களைக் கேட்க வேண்டும். இரண்டாவது, கதையில் பொய்யை முதல் பத்தியிலேயே வைத்துவிடுவேன்.

ஒரு வருடம் கழித்து எழுதிய கதையில் தோட்டமே இல்லை. செவ்வாய்க் கிரகம். பத்திரிகைக்கு அனுப்பிய கையோடு, பிரதியைச் செல்வமணியிடம் வாசிக்கக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு மிஸ். அங்க தண்ணி எங்க புடிக்கிறாங்க?"

நான் எழுதியிருக்கவில்லை. கதையைத் திருப்பி அனுப்பச் சொல்லி மறுநாளே பத்திரிகைக்குக் கடிதம் போட்டேன்.