டீச்சர் சொல்ல வேண்டிய சாட்சி

செவ்வாய்க்கிழமை காலை போதகர் தொலைபேசியில் அழைத்து, "அண்ணே, உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார். நின்றுகொண்டுதான் இருந்தேன். நெரவியிலிருந்து வந்த பேருந்தில் சன்னலோரம் சாய்ந்த எஸ்தர் டீச்சர் மறுபடி எழுந்திருக்கவில்லை என்றார். யாரையோ மாற்றிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். டீச்சர் என்னைவிட மிகவும் இளையவர். முறைப்படி நான் அல்லவா முந்த வேண்டும்?

நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெட்டியை மூடுமுன் ஒருவர் எழுந்து, இறந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்வார். பெரும்பாலும் அது நற்செயல்களின் அடுக்காகிவிடும். கீழவாஞ்சூரில் ஓர் அடக்கத்தில் அப்படி நீண்டுகொண்டே போனபோது, டீச்சர் என் பக்கம் குனிந்து, "பெட்டிக்குள்ள இருக்கிறவரு வேலைக்கா மனு போட்டிருக்காரு?" என்றார். சிரிப்பை மறைக்க நான் இருமினேன்.

அவர் நடத்திய புதன்கிழமை வேதபாடத்தில் என் கேள்வி எப்போதும் ஒன்றுதான். உலகம் உண்டாகுமுன்னே தேவன் சிலரை இரட்சிப்புக்கென்று தெரிந்தெடுத்தார் என்றால், நானும் அவர்களில் ஒருவன் என்று எப்படி அறிவது? தினமும் என்னை நானே சோதித்துப் பார்ப்பேன். ஒரு நாள் ஆம் என்று தோன்றும், மறுநாள் தோன்றாது. ஒருமுறை டீச்சர் எனக்குப் பதில் சொல்லாமல், படகு கவிழ்ந்து பிழைத்த கருக்களாச்சேரி அந்தோணியிடம் திரும்பினார்.

"உங்களத் தூக்குனப்ப நீங்க கைய நீட்டுனீங்களா?"

"நெனவே இல்லீங்க டீச்சர். கண்ணத் தொறந்தப்ப படகுல கெடந்தேன்."

"அவ்வளவுதாண்ணே கிருபை," என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எனக்கு அவ்வளவில் தீரவில்லை.

அதனால்தான் போன மாதம், என் அடக்கத்தில் நீங்கள்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று அவரைக் கேட்டுக்கொண்டேன். சொல்லும்படி என்னிடம் எதுவும் இல்லையே என்ற பயத்தையும் சொன்னேன். "உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். உங்களத் தெரிஞ்செடுத்தவரப் பத்திச் சொல்லிட்டு உக்காந்துடுவேன். சம்மதமாண்ணே?" என்றார். சம்மதம் என்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

டீச்சரின் அடக்கத்தன்று, சாட்சி சொல்லப் போதகர் என்னைக் கைகாட்டினார். டீச்சர் படிக்க வைத்த பிள்ளைகள், ஆஸ்பத்திரியில் அவர் துணையிருந்த நோயாளிகள் என்று எல்லாவற்றையும் மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். பெட்டியருகே போய் அந்த முகத்தைப் பார்த்ததும், நானும் மனுப் போடத்தான் வந்திருக்கிறேன் என்று உறைத்தது. "இவங்களக் கர்த்தர் தெரிஞ்செடுத்தாரு. இவங்க செஞ்சதுக்காக இல்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். டீச்சருக்கு இவ்வளவுதானா என்று உங்களில் சிலர் வருந்தியதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அதிர்ச்சி இன்னும் நீங்கவில்லை. தொலைபேசி அடித்தால் உட்கார்ந்துகொள்கிறேன். ஆனால் எதற்கும் தயங்கும் என் குரல், அந்த இரண்டு வாக்கியங்களில் நடுங்கவில்லை. டீச்சரைப் பற்றி எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவருக்கே தெரிந்தெடுப்பு அவர் செய்தவற்றால் வரவில்லை என்றால், நான் எதுவும் செய்யாதது எனக்கு எப்படித் தடையாகும்? அவரிடமிருந்து எனக்கு மீந்திருப்பது இந்தக் கேள்வி. இதற்கு மட்டும் என்னிடம் எதிர்க்கேள்வி இல்லை.