சுமைதாங்கிக் கல்லில் கட்டிய தொட்டில்

நம்பாதவன் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம். எவனையும் நம்ப வைக்க இதை எழுதவில்லை. நானே லேசில் எதையும் நம்புகிற ஆள் கிடையாது. பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவேன். ஆனால் செல்லச்சாமிக்கு நடந்தது நடந்ததுதான். பொய்யா என்று பார்க்க அவனிடமே மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒரு சொல் பிசகவில்லை.

எழுபத்தெட்டாம் வருசம். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள். திருவேங்கடம் பக்கமிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு வந்தான் செல்லச்சாமி. கூட அவன் பெண்டாட்டி மாடத்தி, கைப்பிள்ளை முத்துத்தாய். கல்யாணமாகி வருசக்கணக்காக மலடி என்று பேச்சு வாங்கி, கோமதியம்மனுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை. அம்மனுக்கு மாவிளக்கு எடுக்கத்தான் இந்தப் பயணம். பிள்ளைக்கு ஒரு பழக்கம் உண்டு. அப்பன் சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்தால்தான் தூங்கும். களத்து வேலையைப் போட்டுவிட்டு விரலைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஊரே கேலி பண்ணும்.

தபசுக்கு வருகிற வண்டிகள் ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் மாட்டை அவிழ்ப்பது வழக்கம். தோப்பு கண்ணுக்குத் தெரியும்போதே செல்லச்சாமி வண்டியை நிறுத்திவிட்டான்.

"என்ன, இங்கனயே நிறுத்திட்டீக?" என்றாள் மாடத்தி.

"போன வருசம் தோப்புல கடையாணிய உருவிட்டானுவ. இந்த வருசம் மாட்டையே உருவுவானுவ. இங்கன அவுப்போம்."

நல்ல இடம்தான். ஒரு வேம்பு. மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி. பக்கத்தில் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருந்தது. தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்கு.

ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு லாடம் அடிக்கிற அப்துல் மஜீது, செல்லச்சாமிக்குப் பழக்கம். சைக்கிளில் வந்தவர், காலை ஊன்றி நின்றார்.

"அண்ணாச்சி, இங்கன ஏன் அவுக்குதீரு? எல்லாரும் தோப்புலல்லா கெடக்காக."

"தோப்புக்கு வந்தா உமக்கு ரெண்டு மாட்டுக்குக் கூட லாடம் அடிக்கலாம். அதான வே?"

"உம்ம மாட்டுக்கா? அது நடந்தாத்தானவே லாடம் தேயும்!"

சிரித்தார். மாடத்தி கையில் பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பிள்ளயோட வந்திருக்கீரா... அப்ப இந்தக் கல்லுப் பக்கம் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா விடும்." அதோடு பெடலை மிதித்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லது சொல்கிறவனிடம்தான் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று நினைக்கிறவன் செல்லச்சாமி. தன் ஆட்களுக்கு இடம் பிடிக்கிறான் போல என்று முடிவு கட்டினான். மாடத்திதான் தயங்கினாள்.

"வாயும் வயிறுமாச் செத்தவளுக்கு நட்ட கல்லுங்க இது..."

"அவ சுமை எறங்கணும்னுதான நடுதாக? நம்ம சுமையையும் கொஞ்சம் தாங்கட்டும்."

அவனே சேலையை எடுத்துக் குறுக்குக் கல்லில் தொட்டில் கட்டினான். பிள்ளையைப் போட்டான். விரலை நீட்டினான். பிள்ளை பிடிக்கவில்லை. அதற்குள் தூங்கிப்போயிருந்தது.

அதுதான் முதல் கோளாறு. அவனுக்கு அப்போது உறைக்கவில்லை.

மாடத்தி வண்டி மறைவில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாள். இருட்டிக்கொண்டு வந்தது. மாடுகள் தொட்டித் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன.

ஆடிக் காற்று பேயாக அடித்தது. வேம்பு ஆடியது. வண்டிக் கூண்டின் பாய் படபடவென்று அடித்துக்கொண்டது.

தொட்டில் மட்டும் அசையவே இல்லை.

கோயில் மணிச் சத்தம் காற்றில் வந்தது. அது ஓய்ந்ததும், கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு...

"ஸ்ஸ்... அப்பாடா..."

வெகுதூரம் சுமந்து வந்தவள் சுமையை இறக்கி வைத்தால் வருமே... அந்த மூச்சு.

"யாரது?"

அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு போனான். கல்லுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. திரும்பினான். தொட்டில் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இடுப்பு உயரத்தில் கட்டிய தொட்டில்.

விளக்கு அணைந்தது.

குச்சியைக் கிழித்தான். அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. நிலா மேகத்துக்குள் இருந்தது.

கையை உள்ளே விட்டான். பிள்ளையின் தலை. வெதுவெதுப்பாக இருந்தது.

அதன் பக்கத்தில்...

இன்னொரு தலை.

அதுவும் வெதுவெதுப்பாக.

"ஏட்டி... பிள்ள ஒங்கிட்டயா இருக்கு?"

"தொட்டில்லதான கெடக்கு! ஏங்க?"

ஒன்று அழ ஆரம்பித்தது. மற்றது சத்தமே போடவில்லை.

செத்தது அழாது. அவனுக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அழுததை அள்ளினான்.

இன்னொரு கை வெளியே வரவில்லை.

உள்ளே கிடந்தது அவன் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது.

கெட்டியாக.

உதறினான்... விடவில்லை. விரலை இழுத்துப் பிடுங்கிக்கொண்டு, அள்ளிய பிள்ளையோடு ஓடினான்.

"ஏறு வண்டில! ஒண்ணும் கேக்காத, ஏறு!"

சேலை போனால் போகட்டும் என்று விட்டுவிட்டு, மாட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். தோப்பில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பிள்ளையைப் பார்த்தான். முத்துத்தாய்தான். அதே முகம், அதே மூக்கு. இடுப்பில் அரைஞாண் கயிறு மட்டும் இல்லை. அறுந்து விழுந்திருக்கும் என்றாள் மாடத்தி. மறுநாள் அம்மனுக்கு மாவிளக்கு எடுத்துவிட்டு ஊருக்கு வந்தார்கள்.

அடுத்த வாரம் மஜீது வீடு தேடி வந்தார். கையில் அந்தச் சேலை.

"மறுநா காலையில அந்த வழியாப் போனேன் அண்ணாச்சி. கல்லு மேல மடிச்சு வச்சிருந்தது. இதுவும் மேல இருந்தது."

அரைஞாண் கயிறு. செல்லச்சாமியே பிள்ளைக்குக் கட்டியது. அறுபடவில்லை. அவன் போட்ட முடிச்சு அவிழவில்லை. அவிழ்க்காமல் இடுப்பை விட்டுக் கழற்ற முடியாத கயிறு.

மஜீது குரலைத் தாழ்த்தினார்.

"கல்லடியில புதுசா மண்ணு குவிச்சிருக்கு. முழ நீளம் இருக்கும். தண்ணி தெளிச்சு, தட்டி மெழுகியிருக்கு. நான் தொடல. நீரு வந்து தோண்டிப் பாக்கணும்னா, நான் தொணைக்கு வாரேன்."

செல்லச்சாமி உள்ளே பார்த்தான். பிள்ளை மாடத்தி மடியில் விழித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் போய் சுண்டுவிரலை நீட்டினான்.

பார்த்தது. பிடிக்கவில்லை.

"வேண்டாம் வே" என்று மஜீதை அனுப்பிவிட்டான்.

அவளை வளர்த்தான். புளியங்குடியில் கட்டிக்கொடுத்தான். நல்ல பெண், அப்பா என்றால் உயிர். இன்றுவரை ஒரு நாள்கூட அவன் விரலைப் பிடித்ததில்லை.